அவள் உங்களை ‘அம்மா’ என்று கூப்பிடும்போது

ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை விட்டுவிட்டு, சாரத்தை அவருடைய சொற்களிலேயே தருகிறேன்.

“எனக்கு 49 வயது. தையல் வேலை செய்கிறேன், தனியாக இருக்கிறேன். கணவர் 2008 இலேயே இல்லை. ஒரே மகள், ஆறு வயது, 2009 பங்குனியில், யுத்தத்தின் கடைசி மாதங்களில், மாத்தளனில் ஷெல் பட்டுப் போய்விட்டாள். மெனிக் பாம் அகதி முகாமில் இருந்த நாட்களில்தான் நான் ஆண்டவரை அறிந்தேன். இப்போது எங்கள் சபையில் புதிதாக ஞானஸ்நானம் எடுத்த நான்கு பெண்பிள்ளைகளைப் போதகர் என் பொறுப்பில் விட்டிருக்கிறார். ‘இனி இவதான் உங்களுக்கு ஆவிக்குரிய தாய்’ என்று சபைக்கு முன்னால் சொல்லி ஜெபித்தார்.

அதில் ஒருத்திக்கு 22 வயது. முதலில் அன்ரி என்றாள், இப்போது அம்மா என்கிறாள். எதற்கும் என்னிடம்தான் வருவாள், இரவு பதினொரு மணிக்கும் போன் எடுப்பாள். கிளிநொச்சியில் காமன்ட்ஸில், ஆடைத் தொழிற்சாலையில், வேலை கிடைத்திருக்கிறது. நான் சொன்னால்தான் போவாளாம். அவளுடைய தாய் சைவம். போன கிழமை என்னை ரோட்டில் மறித்து, ‘நீ பெறாத பிள்ளையை என்னட்டையிருந்து பறிச்சுப்போட்டாய்’ என்று எல்லோருக்கும் முன்னால் அழுதார். இன்னொரு பிள்ளை, ஞானஸ்நானம் எடுத்து மூன்று மாதம் ஆகவில்லை, வீட்டாரோடு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய்விட்டாள். ஜெபக்கூட்டத்தில் வைத்துக் கண்டித்தேன். அன்றோடு அவள் வருவதில்லை. பிள்ளையே இல்லாத எனக்கு எதற்கு இந்தத் தாய்ப் பட்டம்? விட்டுவிடவா?”

அன்பின் சகோதரிக்கு,

முதலில் காமன்ட்ஸ் விடயம். வேலையில் சேர நாள் குறித்திருப்பார்கள், அது காத்திருக்காது. போ என்றும் சொல்லாதீர்கள், போகாதே என்றும் சொல்லாதீர்கள். அவளை உங்கள் தையல் மெசினுக்குப் பக்கத்தில் இருத்திக் கேளுங்கள்: காலையில் எத்தனை மணிக்கு பஸ், திரும்பி வர எத்தனை மணியாகும், இருட்டிவிட்டால் சந்தியிலிருந்து வீட்டுக்கு யார் கூட்டிவருவது, சம்பளத்தில் வீட்டுக்கு எவ்வளவு கொடுக்க நினைக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை லீவா, தாய் என்ன சொல்கிறார். கடைசிக் கேள்விக்கு “அவவிட்ட இன்னும் கேக்கேல்லை” என்று சொன்னாளென்றால், முதலில் அங்கே போய்க் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். முடிவு அவளுடைய வாயிலிருந்து வரட்டும். வந்த பிறகு இருவரும் சேர்ந்து ஜெபியுங்கள். நீங்கள் முந்திக்கொண்டு ஜெபித்துவிட்டு, ‘ஆண்டவர் எனக்கு இப்படி உணர்த்தினார்’ என்று சொன்னால், அதற்கு மேலே பேச அந்தப் பிள்ளைக்கு வாயிராது. நல்ல எண்ணத்தோடுதான் சொல்வீர்கள். ஆனாலும் சொல்லாதீர்கள்.

அடுத்தது உங்கள் கடிதத்தின் கடைசி வரி. ‘பிள்ளையே இல்லாத எனக்கு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதை என்னால் ஏற்க முடியாது. உங்களுக்கு ஒரு மகள் இருந்தாள். ஆறு வருடம் அவளுக்குச் சோறு தீத்தி, தலை இழுத்து, காய்ச்சல் வந்த இரவுகளில் விழித்திருந்து வளர்த்திருக்கிறீர்கள். 2017 மாசி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு போராட்டத்துக்கு வந்து இருந்த தாய்மாரைப் பார்த்து, ‘நீங்கள் இப்போது தாய்மார் இல்லை’ என்று யாராவது சொல்லத் துணிவார்களா? உங்களைப் பற்றி நீங்களே அப்படி எழுதியிருப்பதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடிதத்தை மூடிவைத்தேன்.

நான் 24 வருடம் வன்னியில் குடும்பநல உத்தியோகத்தராக, அதாவது மருத்துவிச்சியாக, வேலை செய்தவள். உளவளத்துணைப் பயிற்சி அதற்குப் பிறகு வந்தது. ஆகவே தாய்மை என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு அன்னையர் தின வாழ்த்து அட்டை நினைவுக்கு வருவதில்லை. குழந்தையைத் தொங்கவிட்டு நிறுக்கும் தராசு நினைவுக்கு வரும். முலைக்காம்பு வெடித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு பால் கொடுத்த பெண்கள் நினைவுக்கு வருவார்கள். அந்த அனுபவத்திலிருந்துதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் மாத்தளனில் இருந்த அதே நாட்கள்தான். ஒரு தறப்பாள் கொட்டிலுக்குள் ஒரு தாய், காலில் காயம், காய்ச்சல், பால் வற்றிவிட்டது. குழந்தைக்கு நாற்பது நாள்தான். பால்மா எங்கேயும் இல்லை. பக்கத்துக் கொட்டிலில் இன்னொருத்தி. இரண்டு நாளைக்கு முதல்தான் தன் குழந்தையைப் புதைத்தவள். பால் கட்டி நெஞ்சு நெருப்பாய்க் கொதிக்கக் கிடந்தாள். அவளிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அந்தக் குழந்தை அழுத சத்தம் கேட்டு அவளே எழும்பி வந்தாள். வாங்கினாள், கொடுத்தாள். மூவரும் சேர்ந்தே வெளியே வந்தார்கள், முகாமிலும் பக்கத்துப் பக்கத்துக் கூடாரம்.

தாய்க்குக் காய்ச்சல் விட்டது. வற்றிய பால் திரும்பி வருமா என்று கேட்டாள். வரும், குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் ஊறும், உறிஞ்சாத நெஞ்சில் ஊறாது என்று சொன்னேன். அதைக் கேட்டுக்கொண்டிருந்த மற்றவள் அன்றிலிருந்து ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டாள். “முதல் நீ குடு. பசி அடங்காட்டி நான் குடுக்கிறன்” என்று ஒவ்வொரு முறையும் குழந்தையைத் தாயிடம்தான் முதலில் போடுவாள். குழந்தை இழுத்துப் பார்த்து, பால் வராமல் கத்தும். அவளுக்கோ பால் நிறைந்து சட்டை நனையும். ஆனாலும் பொறுத்திருப்பாள். கிழமைகள் போகப் போகத் தாயிடம் ஊறியது, இவளிடம் குறைந்தது. ஒருநாள் குழந்தை தாயிடமே வயிறு நிறைந்து நித்திரையாகிவிட்டது. இவள் எழும்பித் தன் கூடாரத்துக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன், ஒன்றும் சொல்லவில்லை.

ஆவிக்குரிய தாய்மை என்று உங்கள் போதகர் சொன்னது என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால், நான் காட்டக்கூடிய ஆள் அவள்தான். அவள் கிறிஸ்தவளும் அல்ல.

பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தில், இரண்டாம் அதிகாரத்தில், பால்கொடுக்கிற தாயைப்போல உங்களிடத்தில் நடந்துகொண்டோம் என்கிறார். சுவிசேஷத்தை மட்டுமல்ல, “எங்கள் ஜீவனையும் உங்களுக்குக் கொடுக்க மனதாயிருந்தோம்” என்கிறார். எழுதுகிறவர் ஆண், மனைவி பிள்ளை இல்லாமல் ஊர் ஊராய்த் திரிந்தவர். அந்த இடத்தில் அவர் போட்ட கிரேக்கச் சொல் ‘துரோபோஸ்’. பாலூட்டி வளர்ப்பவள் என்பது அதன் பொருள். பெற்றவளுக்கும் அந்தச் சொல் பொருந்தும், பெறாமல் பாலூட்டியவளுக்கும் பொருந்தும். எங்கள் மொழியில் அதற்குச் செவிலி என்று அருமையான ஒரு சொல் இருக்கிறது. சங்கப் பாட்டில் தலைவிக்கு இரண்டு தாய்மார். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். குறுந்தொகையில் ஒரு செவிலி, கலியாணமாகிப் போன பிள்ளையின் வீட்டுக்குப் போகிறாள். தயிர் பிசைந்த விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் பட, அவள் தானே சமைப்பதைப் பார்க்கிறாள். கணவன் நன்றாயிருக்கிறது என்று உண்ண, அவளுடைய முகம் மெல்ல மலர்வதையும் பார்க்கிறாள். திரும்பி வந்து அதையெல்லாம் யாரிடம் சொல்கிறாள் தெரியுமா? நற்றாயிடம். எனக்கு அந்தப் பாட்டில் மிகவும் பிடித்தது அதுதான். வளர்த்தவளுக்குப் பெற்றவளிடம் போய்ச் சொல்ல ஒரு நல்ல செய்தி இருக்கிறது.

ரோமர் 16 ஆம் அதிகாரத்தில் பவுல் ஒரு தாயை வாழ்த்துகிறார். பெயர்கூட இல்லை. ரூபு என்பவனுடைய தாய், “எனக்கும் தாயாகிய அவனுடைய தாய்” என்கிறார். அவனுடைய தாய், எனக்கும் தாய். யாரிடமிருந்தும் எதுவும் பறிபோகவில்லை.

இனிச் சொல்லப்போவதை எழுத எனக்குக் கஷ்டமாயிருக்கிறது. ஆனால் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் மேல்பூச்சாகிவிடும். உங்கள் மகள் 2009 இல் ஆறு வயது. இந்தப் பிள்ளைக்கு இப்போது 22. நீங்களும் கணக்குப் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் எந்தத் தாயும் இருக்கமாட்டாள். இவள் அம்மா என்று கூப்பிடும்போது நீங்கள் திரும்பிப் பார்ப்பது இவளையா, அவளையா? இரண்டு பேரையும் என்றால் அதில் பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒருத்திக்குரிய ஏக்கத்தை மற்றவள் சுமக்கத் தொடங்கினால் அவள் வளரமாட்டாள். நீங்கள் இழந்தது போகாமல் இருக்க வேண்டும் என்பதற்காக, அவள் தன்னை அறியாமலே சின்னப் பிள்ளையாக இருந்துகொண்டிருப்பாள். இரவு பதினொரு மணிக்கு எடுக்கிறாளே அந்த போன், அதில் அவளுடைய தேவை எவ்வளவு, அது அடிக்காவிட்டால் உங்களுக்கு வரும் வெறுமை எவ்வளவு? இதை என்னிடம் எழுதத் தேவையில்லை. ஒரு மாலைநேரம் தனியே இருந்து ஆண்டவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் மகளுக்கான துக்கத்துக்குத் தனி இடம் வேண்டும். அவளுடைய பிறந்தநாளை இப்போது என்ன செய்கிறீர்கள்? அவள் பெயரை வீட்டில் கடைசியாக எப்போது உரக்கச் சொன்னீர்கள்? சபையில் பலர், ‘அவள் ஆண்டவரிடத்தில் இருக்கிறாள், ஏன் அழுகிறீர்கள்’ என்று கேட்டிருப்பார்கள். அவள் ஆண்டவரிடத்தில் இருக்கிறாள்தான். நீங்களும் அழலாம். நகோமி தன் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்துவிட்டு ஊர் திரும்பி, என்னை மாராள் என்று கூப்பிடுங்கள், கசப்பு என்று கூப்பிடுங்கள் என்றாள். அவளை யாரும் சபையிலிருந்து தள்ளவில்லை, அவளுடைய கசப்பு வேதாகமத்திலேயே எழுதியிருக்கிறது. அதே நகோமி, தன்னோடு வர எழும்பிய மருமக்களிடம் முதலில் சொன்னதையும் கவனியுங்கள்: உங்கள் தாய்வீட்டுக்குத் திரும்பிப் போங்கள். ரூத் தானாகத் தீர்மானித்துத்தான் கூடப் போனாள்.

தாய்வீடு என்று வந்துவிட்டது. ரோட்டில் உங்களை மறித்து அழுத அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசுவோம்.

அவர் யார் என்று யோசித்துப் பார்த்தீர்களா? 2009 இல் அவருடைய கையிலும் ஆறு வயதுப் பிள்ளை. அதே மணல், அதே பங்கர், அதே கஞ்சி வரிசை. அவர் தன் பிள்ளையை உயிரோடு கொண்டு வெளியே வந்தார். உங்களால் முடியவில்லை, உங்கள் குற்றம் ஒன்றும் இல்லை. உங்களுக்கு அவரில் ஒரு பொல்லாத எரிச்சல் உள்ளுக்குள் இருந்தால் அதுவும் மனித இயல்புதான், அதையும் ஆண்டவர் அறிவார். ஆனால் இந்தப் பிள்ளைக்கு நீங்கள் இன்று வேதம் சொல்லிக்கொடுக்க முடிகிறதென்றால், அன்றைக்கு அந்தத் தாய் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியபடியால்தான். ‘பறிச்சுப்போட்டாய்’ என்ற சொல் உங்களைக் குத்தியிருக்கும். எனக்கு அதற்குள் பயம்தான் கேட்கிறது. அந்த மண்ணிலேயே பறிகொடுக்காத பிள்ளையை இப்போது பறிகொடுக்கிறேனோ என்ற பயம்.

ஆகவே நீங்கள் அவரைப் போய்ப் பார்க்க வேண்டும். இந்தக் கிழமையே. வேதாகமத்தைக் கொண்டுபோகாதீர்கள், போதகரையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பிள்ளை வேலைக்கோ கடைக்கோ போன நேரமாய்ப் போங்கள். விறாந்தையில் கதிரை போட்டு இருத்தினால் இருங்கள். குசினிப்பக்கம் கூப்பிட்டால் அதைவிட நல்லது. விளக்கம் சொல்லப் போகவேண்டாம். ‘உங்கட பிள்ளையை நீங்கள் நல்லா வளர்த்திருக்கிறீங்கள்’ என்பதை மனதாரச் சொல்லுங்கள். அவள் எத்தனை மாதத்தில் நடந்தாள், எந்தச் சோற்றைத் துப்புவாள் என்று கேளுங்கள். அதெல்லாம் அவருக்கு மட்டும்தான் தெரியும், எத்தனை வேதப்பாடம் நடத்தினாலும் உங்களுக்குத் தெரியவராது. உங்கள் மகளைப் பற்றி அவர் கேட்டால், சொல்லுங்கள்.

பிள்ளையிடமும் சில விடயங்களைத் தெளிவாக்க வேண்டும். தாயையும் தகப்பனையும் கனம்பண்ணு என்ற கட்டளையில், அவர்கள் கிறிஸ்தவர்களாக இருந்தால் என்ற நிபந்தனை இல்லை. தாய் வைத்த பொட்டை வாசலிலேயே அழித்துவிட்டு வருவது, வீட்டில் படைத்த சோற்றை முகத்துக்கு நேரே தள்ளுவது, அம்மம்மாவின் திவசத்துக்கு வீட்டில் நில்லாமல் சபைக்கு ஓடிவருவது, இவையெல்லாம் விசுவாசத்தின் வளர்ச்சி என்று புதிதாய் வந்தவர்கள் நினைப்பார்கள். படையலை உண்ணாமல் விட மனச்சாட்சி சொன்னால் விடட்டும், ஆனால் பாத்திரம் கழுவிக்கொடுக்கலாம், அடுப்படியில் நிற்கலாம், வந்த சனத்துக்குத் தேத்தண்ணி கொடுக்கலாம். வன்னிச் சனத்துக்கு இதொன்றும் புதிதல்ல. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்குப் போகிற எத்தனையோ தாய்மார் ஆவணியில் மடு மாதாவுக்கும் நேர்த்தி வைத்துப் போகிறார்கள். நான் கத்தோலிக்கச் சபையைச் சேர்ந்தவள் அல்ல, ஆனால் மடுவில் நான் கண்ட ஒன்றை மறக்கமாட்டேன். அழுதுகொண்டு வருகிற தாயை அங்கே யாரும் நீ எந்தச் சமயம் என்று கேட்பதில்லை.

அவள் உங்களை அம்மா என்று கூப்பிடலாமா? தனியே கூப்பிட்டால் கூப்பிடட்டும், அதைப் பிடுங்கி எறிவது கொடுமை. பெற்ற தாய்க்கு முன்னால் மட்டும் அன்ரி என்றே சொல்லச் சொல்லுங்கள். காரணத்தையும் சொல்லுங்கள், அவளுக்கு விளங்கும்.

இரண்டாவது பிள்ளையைப் பற்றி. எல்லோருக்கும் முன்னால் கண்டித்தது பிழை. இதில் நான் சுற்றிவளைக்க விரும்பவில்லை. ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான், அதற்குப் பிறகு மசித்த சோறு, ஒரு புதுச் சாப்பாட்டைக் கொடுத்தால் சில நாள் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது என்று எத்தனை வீட்டில் சொல்லியிருப்பேன். பல் முளைக்காத பிள்ளைக்கு மீன்பொரியலைத் தீத்திவிட்டு, ஏன் சத்தி எடுக்கிறாய் என்று யாரும் அடிப்பதில்லை. மூன்று மாதக் குழந்தை அவள். பவுலும் கொரிந்தியருக்கு, நீங்கள் பெலனில்லாதவர்களாய் இருந்தபடியால் பாலைத்தான் குடிக்கத் தந்தேன் என்று எழுதினார்.

அவள் பொங்கலுக்குப் போனது சரியா பிழையா என்பதைவிட, அவளால் போகாமல் இருந்திருக்க முடியுமா என்பதை யோசியுங்கள். குடும்பமே வான் பிடித்துப் போகிறது, இவள் மட்டும் வீட்டில் தனியே நிற்பதா? வேதாகமத்தில் வரும் நாகமானை நினைத்துப் பாருங்கள், சீரியாவின் படைத்தலைவன், குஷ்டரோகி. யோர்தானில் முழுகிச் சுகமானான், இனி வேறொரு தேவனுக்கும் பலியிடமாட்டேன் என்றான். உடனே எலிசா தீர்க்கதரிசியிடம் ஒன்று கேட்டான்: என் எஜமான் ரிம்மோன் கோயிலுக்குப் போகும்போது என் கையில் சாய்ந்துகொள்வார், நானும் குனியவேண்டி வரும், கர்த்தர் அதை எனக்கு மன்னிப்பாரா? எலிசா அவனைச் சபை நடுவில் நிறுத்தவில்லை. “சமாதானத்தோடே போ” என்றார், அவ்வளவுதான். இரண்டு இராஜாக்கள் 5 ஆம் அதிகாரம். அந்தப் பதிலை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். நாகமான் மனச்சாட்சியோடு போராடிக்கொண்டிருந்தான். அந்தப் போராட்டமே உயிர் இருப்பதன் அடையாளம் என்று எலிசா கண்டிருக்க வேண்டும். உங்கள் பிள்ளைக்குள்ளும் அப்படி ஏதாவது நடந்துகொண்டிருந்ததா? நீங்கள் கேட்கவில்லையே.

அவளிடம் ஆள் விட்டுச் சொல்லியனுப்பாதீர்கள், வட்ஸ்அப்பில் வசனம் அனுப்பாதீர்கள். நேரே ஒருமுறை போய், ‘எல்லாருக்கும் முன்னால உன்னைப் பேசினது என்ர பிழை’ என்று சொல்லிவிட்டு வாருங்கள். கூட்டத்துக்கு வா என்று கேட்க வேண்டாம். வருவாளா என்பது எனக்குத் தெரியாது. நான்காம் நூற்றாண்டில் மோனிக்கா என்ற தாய், வேறு கொள்கைக்குப் போய்விட்ட மகனோடு வாதாடும்படி ஒரு ஆயரிடம் கெஞ்சினாள். அந்த ஆயர் தானும் ஒருகாலத்தில் அதே கொள்கையில் கிடந்து வெளியே வந்தவர். இப்போது பேசிப் பயனில்லை, அவனை விடு, நீ ஜெபி என்றார். அவள் விடாமல் அழ, இவ்வளவு கண்ணீரின் மகன் கெட்டுப்போகமாட்டான் என்று சொல்லி அனுப்பினார். மகன் அகுஸ்தீன் 387 இல் மிலானில் ஞானஸ்நானம் எடுக்கும்வரை பல வருடங்கள் போயின. அவள் அந்த வருடங்களைச் சும்மா கழிக்கவில்லை, அவனைத் தேடிக் கடல் தாண்டியும் போனாள். ஆனால் அவனுக்குள் நடந்ததை அவள் நடத்தவில்லை. “கிறிஸ்து உங்களிடத்தில் உருவாகுமளவும்” நான் மறுபடியும் கர்ப்பவேதனைப்படுகிறேன் என்கிறார் பவுல் கலாத்தியருக்கு. உருவாக்குவது அவருடைய வேலை அல்ல. வேதனைதான் அவருடையது. மருத்துவிச்சிகளான எங்களுக்கும் இது தெரியும். அவசரப்பட்டு இழுத்தால் காயம்தான் வரும்.

பால் மறக்கப்பண்ணுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏனென்றால் இதை வாசித்துவிட்டு நாளைக்கே போனை நிறுத்திவிடுவீர்களோ என்று பயமாயிருக்கிறது. ஊரில் சிலர் வேப்பெண்ணெயைப் பூசுவார்கள், சிலர் பிள்ளையை மூன்று நாள் அம்மம்மா வீட்டில் விடுவார்கள். பிள்ளை ஏங்கிப் போகும், தாய்க்குப் பால் கட்டிக் காய்ச்சல் வரும். நான் சொல்லிக்கொடுத்தது வேறு. ஒரு நேரத்துப் பாலை மட்டும் நிறுத்து, சில நாள் விடு, பிறகு அடுத்த நேரத்தை நிறுத்து. நீங்கள் இரவு போனிலிருந்து தொடங்குங்கள். ‘ஒன்பது மணிக்குப் பிறகு நான் படுத்திடுவன், விடிய எடு’ என்று சொல்லுங்கள். எடுக்காமல் விடுவதல்ல, முன்கூட்டிச் சொல்லிவிட்டு எடுக்காமல் விடுவது. பிறகு, அவள் ஒரு கேள்வியோடு வந்தால், நீயே முதலில் வாசித்துவிட்டு வா என்று ஒரு அதிகாரத்தைக் கொடுங்கள். பிறகு, புதிதாய் வரும் இன்னொரு பிள்ளைக்கு அவளையே ஜெபம் சொல்லிக்கொடுக்க விடுங்கள். ஒரு வருடம் எடுக்கலாம்.

ஈசாக்கு பால் மறந்த நாளில் ஆபிரகாம் பெரிய விருந்து செய்தான் என்று ஆதியாகமம் சொல்கிறது. அந்தக் காலத்தில் அந்த வயதுவரை ஒரு பிள்ளை உயிரோடு வருவதே பெரிய காரியம், அதனால் அது கொண்டாட்டம். 131 ஆம் சங்கீதத்தில் தாவீது தன் ஆத்துமாவைத் “தாயின் பாலை மறந்த குழந்தை” என்கிறார். பால் குடிக்கிற குழந்தை தாயின் மடியில் சும்மா இராது, மணத்துக்கே முகத்தைத் திருப்பித் தேடும். பால் மறந்த பிள்ளை அதே மடியில் ஒன்றும் தேடாமல் இருக்கும். தாய்தான் வேண்டும், பால் வேண்டாம். அந்தப் பிள்ளை அப்படி உங்கள் வீட்டு விறாந்தையில் வந்து, ஒரு பிரச்சினையும் இல்லாமல், சும்மா கதைத்துவிட்டுப் போகிற நாள் வரும். அன்றைக்கு உங்களுக்குக் கொஞ்சம் நோகும். முகாமில் கூடாரத்துக்குப் பின்னால் நின்று அழுதவளுக்கு நொந்ததுபோல.

உங்களுக்கு யார் சாப்பாடு தருகிறார்கள்? கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் என்று கொடுக்கிற திரிபோஷா சத்துமாவை வீடே சேர்ந்து கிண்டிச் சாப்பிட்டுவிடும், தாய்க்கு மிஞ்சுவது ஒரு உருண்டை. அந்த வீடுகளை நினைத்துக்கொண்டுதான் கேட்கிறேன். நான்கு பிள்ளைகளின் பாரத்தையும் கேட்டு முடிய, உங்கள் பாரத்தைக் கேட்க ஒருவர் வேண்டும், அது அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியாக இருக்கக்கூடாது. குளத்துத் துருசை எந்நேரமும் திறந்துவிட்டால் சிறுபோகத்துக்குத் தண்ணீர் இராது என்று உங்களுக்குத் தெரியாததல்ல. மோசேயும் ஒருநாள், இந்த ஜனத்தையெல்லாம் நானா பெற்றேன், குழந்தையைச் சுமப்பதுபோல் ஏன் என்னைச் சுமக்கச் சொல்கிறீர் என்று கர்த்தரிடம் வெடித்தார். எண்ணாகமம் 11 இல் இருக்கிறது. கர்த்தர் அவரைத் திட்டவில்லை, எழுபது மூப்பரைக் கூட்டச் சொன்னார். போதகரிடம் போய் இதைச் சொல்லி, இன்னும் இரண்டு பெண்களைக் கேளுங்கள். ஒருவருக்கு இரண்டு பிள்ளைகள் போதும். பட்டத்தைச் சபைக்கு முன்னால் தந்தவர் துணையையும் தர வேண்டும்.

இன்னும் இரண்டொன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளின் குடும்பத்துக்கு நுண்கடனுக்குப் பிணை நிற்காதீர்கள், உங்கள் பெயரில் எடுத்தும் கொடுக்காதீர்கள். யாராவது தனக்கு வீட்டில் அடி, அல்லது அதைவிட மோசமானது நடக்கிறது என்று சொன்னால், ஜெபித்து மூடிவைக்கிற விடயம் அல்ல அது. 1938 பெண்களுக்கான உதவி இலக்கம். சாக வேண்டும்போல் இருக்கிறது என்று சொன்னால் 1926, அல்லது மாவட்ட ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவு, நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். ‘ஒருத்தரிட்டயும் சொல்லமாட்டன்’ என்று முதலிலேயே சத்தியம் பண்ணிவிடாதீர்கள்.

விட்டுவிடவா என்று கேட்டீர்கள். விடவேண்டாம். வேதாகமத்தில் அன்னாள் தன் மகன் சாமுவேலைப் பால் மறந்த பிறகு சீலோவில் ஆலயத்தில் விட்டுவிட்டு வந்தாள், ஆனால் வருடந்தோறும் ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோனாள். நீங்கள் தையல்காரி, உங்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும்: பக்கத்தில் இல்லாத பிள்ளைக்குச் சட்டை தைக்க, போன வருடத்து அளவு உதவாது. இவ்வளவு வளர்ந்திருப்பான் என்று மனதால் அளந்துதான் துணி வெட்டியிருப்பாள். அந்த 22 வயதுப் பிள்ளையை நீங்கள் இன்னும் எந்த அளவில் வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

தாயைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். இப்போது பாலைப்பழக் காலம். ஒரு சின்னப் பையில் கொண்டுபோய், நீங்களும் அவரும் விறாந்தையில் இருந்து சாப்பிடுங்கள். பழப்பால் வாயில் ஒட்டும், கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கேளுங்கள். போய்வந்து எழுதுங்கள்.